ஆர்கனோட பியானோவ சேர்த்து வைக்க 440-ஐ விட்டு 445-க்கு போன கதை

போன டிசம்பர்ல சென்னையில ஒரு பழைய சர்ச்சுல இருந்து கூப்பிட்டாங்க, கேரல் சர்வீஸுக்கு பைப் ஆர்கனும் பியானோவும் சேர்ந்து வாசிக்கப் போறாங்க, பியானோவ டியூன் பண்ணி குடுங்கன்னு. நான் நவம்பர் கடைசி வாரமே போயி, வழக்கம் போல ஏ-4 கீய (பியானோ நடுவுல இருக்குற ஏ ஸ்வரம், அத வெச்சுதான் மத்ததெல்லாம்) 440 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 440 அதிர்வுல வெச்சு, மூணு மணி நேரம் உக்காந்து முழுசா முடிச்சுட்டு வந்துட்டேன். டிசம்பர் முதல் ஞாயிறு ரிகர்சல் முடிஞ்சதும் ஆர்கன் வாசிக்கிற டீச்சர் போன் பண்ணாங்க. ரிட்டயர்ட் மியூசிக் டீச்சர், முப்பது வருஷத்துக்கு மேல அந்த ஆர்கன்ல உக்காந்தவங்க. "தம்பி, பியானோ சுருதி கீழ கெடக்கு, கொயர் எதைப் புடிச்சு பாடுறதுன்னு தெரியாம முழிக்குதுங்க"ன்னாங்க. நான் "இல்ல டீச்சர், 440-லதான் வெச்சேன், மீட்டர்ல பாத்து வெச்சது"ன்னு சொன்னேன். "உங்க மீட்டர் என்ன வேணா சொல்லட்டும், நீங்க வந்து கேளுங்க"ன்னு வெச்சுட்டாங்க.

அவங்க சொன்னதுதான் சரி. என் தப்பு எங்கன்னா, பியானோ என்ன சுருதியில இருக்கணும்னு நான் பியானோவ மட்டும் பாத்து முடிவு பண்ணேன். பக்கத்துல நிக்கிற வாத்தியம் எந்த சுருதியில இருக்கு, அதுவும் எந்த நேரத்துல எந்த சூட்டுல எந்த சுருதியில இருக்குன்னு கேக்கவே இல்ல. இந்த வேலைய செய்யிற மத்தவங்களுக்கும், சர்ச்சுல பியானோ வாசிக்கிறவங்களுக்கும் உதவும்னு எல்லாத்தையும் விவரமா எழுதுறேன்.

முதல்ல வாத்தியங்களப் பத்தி. ஆர்கன் ரெண்டு மேனுவல் (கையால வாசிக்கிற கீ வரிசை), கீழ காலால வாசிக்கிற பெடல், இங்கிலாந்துல செஞ்சு கப்பல்ல வந்தது, நானூத்துக்கும் மேல பைப் இருக்கு. மாடியில, பின் பக்கம் கேலரியில நிக்குது. பியானோ கீழ ஆல்டர் பக்கத்துல, 5 அடிக்கும் கொஞ்சம் கம்மியான பேபி கிராண்ட், யாரோ ஒரு குடும்பம் நன்கொடையா குடுத்தது. இது போக யூத் பசங்களோட எலக்ட்ரானிக் கீபோர்ட் ஒண்ணு. ஒரே ஒரு பாட்டுல மூணும் சேர்ந்து வருது, நாலு பாட்டுல ஆர்கனும் பியானோவும் மட்டும்.

திங்கக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு போனேன். டீச்சரும் வந்திருந்தாங்க. ஆர்கனுக்கு காத்து ஊதுற ப்ளோயர ஆன் பண்ணிட்டு கால் மணி நேரம் சும்மா விட்டோம், ஏன்னா ப்ளோயர் ஓட ஓட உள்ள போற காத்து கொஞ்சம் சூடாகும், ஆன் பண்ண உடனே எடுக்குற ரீடிங்க நம்ப முடியாது. அப்புறம் ஓப்பன் டயபேசன் 8 அடிங்கற ஸ்டாப் (இழுத்தா ஒரு வரிசை பைப்ப பேச வைக்கிற குமிழ்) ஒண்ண மட்டும் இழுத்து ஏ-4 புடிக்கச் சொன்னேன். 446.2 ஹெர்ட்ஸ். பைப் பக்கத்துல வெச்ச தெர்மாமீட்டர்ல 30 டிகிரி. கீழ பியானோ கிட்ட 28 டிகிரிதான், சூடு மேல ஏறும்ல.

440-க்கும் 446.2-க்கும் நடுவுல 24 செண்ட் வித்தியாசம். செண்ட்ங்கறது ஒரு அரை ஸ்வரத்த நூறா பிரிச்சா அதுல ஒரு பங்கு, அப்ப கிட்டத்தட்ட அரை ஸ்வரத்துல கால் பங்கு தள்ளி இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வாசிச்சா செகண்டுக்கு ஆறு தடவை வவ்வவ்வவ்வன்னு அலை அடிக்கும். அதுக்கு மேல நின்னு பாடுன்னா எந்த கொயர் பாடும்.

சூடு என்ன பண்ணுது

ஆர்கன் பைப்புக்குள்ள பாடுறது காத்து. பைப்போட நீளம் மாறுறது இல்லன்னே வெச்சுக்கலாம், ஆனா காத்து சூடாச்சுன்னா அதுக்குள்ள சத்தம் போற வேகம் கூடிடும், வேகம் கூடுனா சுருதி ஏறும். 20 டிகிரியில சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகுதுன்னா 30 டிகிரியில 349 மீட்டர். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 செண்ட்னு மனசுல வெச்சுக்கிட்டா போதும். 20 டிகிரியில சரியா 440-ல இருக்குற ஒரு பைப்ப அப்படியே 30 டிகிரி ரூமுக்குள்ள கொண்டு வந்தா 447-ஐ தாண்டிடும், யாரும் கையே வைக்காம.

440-ங்கற நம்பர் நமக்கு வேதவாக்கு மாதிரி ஆயிடுச்சு. 1939-ல லண்டன்ல கூடி பேசுனது, 1975-ல ஐஎஸ்ஓ 16-னு தர நிர்ணயமா வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே சூட்ட மனசுல வெச்சு சுருதி பேசியிருக்காங்க. பிரான்ஸ்ல 1859-ல 435-னு வெச்சாங்க, அது 15 டிகிரி சூட்டுக்கு. லண்டன்ல 1896-ல பில்ஹார்மானிக் காரங்க அதையே எடுத்து, எங்க ஹால் இன்னும் கொஞ்சம் சூடா இருக்கும்னு கணக்கு போட்டு, 20 டிகிரிக்கு 439-னு மாத்தி வெச்சாங்க. 439-ங்கற அந்த ஒத்தப்படை நம்பர் வந்ததே சூட்டக் கணக்குல சேத்ததாலதான். இத நான் எப்பவோ படிச்சிருக்கேன், ஆனா டியூன் பண்ற லிவர கையில எடுத்தப்ப ஞாபகம் வரல.

பியானோ கதை வேற. அதுல கம்பியும் மரமும். சூட்டுக்கு எஃகு கம்பி கொஞ்சம் நீளும், சுருதி லேசா இறங்கும், அதாவது ஆர்கன் ஏறும்போது பியானோ எதிர்ப்பக்கம் போகும். ஆனா பியானோவுக்கு பெரிய எதிரி ஈரம். வடகிழக்கு பருவமழை காலத்துல சென்னை காத்துல இருக்குற ஈரத்த சவுண்ட்போர்ட், அதாவது கம்பிக்கு அடியில இருக்குற மரப்பலகை, குடிச்சு உப்பும், கம்பிய தாங்குற பிரிட்ஜ மேல தள்ளும், கம்பி இறுகும், சுருதி ஏறும். அதுவும் எல்லா கீயும் ஒரே அளவுக்கு ஏறாது, நடு ரெண்டு மூணு ஆக்டேவ் (ஸ்தாயி)தான் அதிகமா ஏறும், பேஸ்ங்கற கீழ் பக்க கீ அவ்வளவா அசையாது. மழை நின்னு காத்து காஞ்சா அப்படியே இறங்கும். ஆர்கன் மாறுறது மணிக்கணக்குல, பியானோ மாறுறது நாள்கணக்குல வாரக்கணக்குல. ரெண்டும் வேற வேற காரணத்துக்கு வேற வேற வேகத்துல நகருது. அதனால "ரெண்டையும் சேர்த்து வை"ன்னு சொல்றது "இந்த நாள்ல இந்த மணிக்கு சேர்த்து வை"ன்னு சொல்றதுதான். நாளும் மணியும் இல்லாம அந்த வேலைக்கு அர்த்தமே இல்லன்னு எனக்கு அன்னிக்குதான் உறைச்சுச்சு.

எது நகரணும்ங்கறதுல குழப்பமே இல்ல. நானூறு பைப்ப ஒவ்வொண்ணா தொட்டு இறக்கறது பெரிய வேலை, பழைய பைப்ல மேல் முனைய கோன்ங்கற கூம்பு வெச்சு தட்டி டியூன் பண்ணியிருந்தா ஒவ்வொரு தடவை தட்டும்போதும் ஈயம் தேயும் கிழியும், அத செய்யத் தெரிஞ்ச ஆளும் கையில எண்ணுற அளவுக்குதான். நான் பியானோ டியூனர், பைப்ல கை வைக்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன். பியானோ ஆர்கன் கிட்ட போகணும், அவ்வளவுதான்.

எந்த நம்பர்

இதுக்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன், இப்ப யோசிச்சாலும் அந்த வாரம்தான் மொத்த வேலையையும் காப்பாத்துச்சுன்னு தோணுது.

கேரல் சர்வீஸ் சாயங்காலம் 6.30 மணிக்கு. அதனால மூணு நாள் அதே 6.30-க்கு போயி கேலரியில பைப் பக்கத்துல சூடு எடுத்து, ஓப்பன் டயபேசன்ல எஃப்-4, ஏ-4, சி-5-னு மூணு நாலு ஸ்வரம் எடுத்தேன். ஒரே ஒரு பைப்ப நம்பக்கூடாது, அந்த ஏ பைப்பே தனியா கெட்டுப்போயிருக்கலாம். மூணு நாளும் 27.5 டிகிரிய ஒட்டியே இருந்துச்சு, ஏ-4 444.4 பக்கம். ஒரு நாள் காலையில 8 மணிக்கு பாத்தேன், 26 டிகிரி, 443.2. கணக்கும் காதும் ஒத்துப்போச்சு.

ஆனா அதெல்லாம் காலி சர்ச்ல எடுத்த ரீடிங். கேரல் சர்வீஸ்க்கு உக்கார இடம் இருக்காது, மெழுகுவர்த்தி அணையக்கூடாதுன்னு கதவு ஜன்னல் எல்லாம் சாத்துவாங்க, ஃபேனும் நிறுத்துவாங்க. ஆளோட உடம்புச் சூடு மேல ஏறி நேரா கேலரிக்கு போகும். எவ்வளவு ஏறும்னு ஊகிச்சு வைக்க எனக்கு மனசு வரல, அதனால அடுத்த ஞாயிறு காலை ஆராதனைக்கு கேலரியில ஒரு மூலையில தெர்மாமீட்டரோட உக்காந்தேன். ஆரம்பிக்கும்போது 26.5, முடியும்போது 28.5. ரெண்டு டிகிரி. அப்ப கேரல் அன்னிக்கு 27.5-ல ஆரம்பிச்சு 29.5 வரைக்கும் போகும்னு வெச்சா நடுவுல 28.5, அந்த சூட்டுக்கு இந்த ஆர்கன் 445.1-ல நிக்கும். நம்பர் 445-னு முடிவு பண்ணேன்.

டீச்சர் கேட்டாங்க, "ஆரம்பத்துலயும் கடைசியிலயும் சேராதே தம்பி?" நியாயமான கேள்வி. ஒரு டிகிரி தள்ளிப்போனா 3 செண்ட், ஏ-4ல அது முக்கால் ஹெர்ட்ஸ், அதாவது ஒரு அலை முழுசா அடிச்சு முடிக்க ஒரு செகண்டுக்கு மேல ஆகும். பியானோ சத்தம் அடிச்ச உடனே குறைய ஆரம்பிச்சுடும், ஆர்கன் சத்தம் அப்படியே நிக்கும், அந்த மெதுவான அலை காதுல படுறதுக்குள்ள பியானோ ஸ்வரம் பாதி கரைஞ்சிருக்கும், அடுத்த ஸ்வரமும் வந்துடும். அதனால ஒரு டிகிரி வரைக்கும் தாங்கும். மூணு டிகிரி போனா தாங்காது.

அப்பவும் மனசு ஆறாம ஒரு யோசனை சொன்னேன், சேர்ந்து வாசிக்கிற பாட்டெல்லாம் ஆரம்பத்துல வேண்டாம், ஆர்கன் மட்டும் வர்ற ஊர்வலப் பாட்ட முதல்ல வெச்சுட்டு சேர்ந்து வர்றத நடுவுல இருந்து வெச்சுக்கலாமான்னு. கொயர் மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வரிசைய மாத்திட்டார். ஒரு டியூனர் சொல்லி ப்ரோக்ராம மாத்துறது எல்லா இடத்துலயும் நடக்காது, அதுக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

ஏத்துனது

440-ல இருந்து 445-ங்கறது 20 செண்ட். கேக்க சின்னதா இருக்கும். ஆனா கம்பியோட இழுவிசை சுருதியோட வர்க்கத்துல ஏறும், அப்ப 2.3 சதவீதம் கூடுது. ஒரு பியானோவுல இருநூத்துக்கும் மேல கம்பி, மொத்தம் ஏறக்குறைய 18 டன் இழுவைன்னு வெச்சா இன்னும் 400 கிலோ அந்த ஃப்ரேம் மேல ஏத்துறோம். அதனால முதல்ல டார்ச் அடிச்சு ஒவ்வொரு கம்பியும் வளையுற இடத்துல துரு இருக்கான்னு பாத்தேன், கம்பி சுத்துற ஆணிய புடிச்சு வைக்கிற மரக்கட்டையான பின் பிளாக்ல வெடிப்பு இருக்கான்னு பாத்தேன். கடற்கரைக்கு பக்கத்து ஊர்ல இத பாக்காம பியானோவ ஏத்தக் கூடாது. டிரெபிள்ல, அதாவது மேல் பக்க கீயில, ஏழெட்டு கம்பியில துரு இருந்துச்சு. அதையெல்லாம் நேரா ஏத்தாம முதல்ல ஒரு பொட்டு இறக்கி, அந்த துருப்பிடிப்பு டிக்குனு விடுற சத்தம் கேட்டதும்தான் ஏத்துனேன். ஒண்ணும் அறுகல.

முதல் ரவுண்டு வேகமா. ஒரு கம்பிய ஏத்துனா அடுத்தடுத்த கம்பி ஏத்தும்போது சவுண்ட்போர்ட் அமுங்கி முதல்ல ஏத்துனது இறங்கும், அதனால வேணுங்கற அளவுக்கு மேல கொஞ்சம் கூடவே இழுத்து வைக்கணும். 20 செண்ட் ஏத்தணும்னா நடு பகுதியில 5 செண்ட் கூட, பேஸ்ல அதுக்கும் கம்மி, டிரெபிள்ல அதுக்கு மேல. பக்கத்து கம்பி சத்தம் போடாம இருக்க சொருகுற ஃபெல்ட் பட்டைய கழட்டாம ஒரே மூச்சுல ஒண்ணேகால் மணி நேரத்துல முடிச்சேன். மறுபடி அளந்தா ஏ-4 445.2, மேல் டிரெபிள் மட்டும் 4 செண்ட் வரைக்கும் கீழ. ரெண்டாவது ரவுண்டுல நிதானமா உக்காந்து சரி பண்ணேன்.

இந்த ரெண்டாவது ரவுண்டுலதான் இன்னொரு பிரச்சனை வந்துச்சு, இத நான் எதிர்பார்த்தேன், ஆனா இவ்வளவு கேக்கும்னு நெனைக்கல. ஏ-4 பாலா சேர்ந்து நிக்குது. டீச்சர மேல உக்கார வெச்சு நான் கீழ அதே ராகத்த ரெண்டு ஆக்டேவ் மேல வாசிச்சா, மேல போகப் போக பியானோ ஏறிக்கிட்டே போகுது.

காரணம் கம்பியோட விறைப்பு. ஒரு கம்பி அடிச்சா அடிப்படை ஸ்வரத்தோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு மேல் ஸ்வரங்களும் வரும், ஆனா எஃகு கம்பி விறைப்பா இருக்குறதால அந்த மேல் ஸ்வரங்க சரியா ரெண்டு மடங்குல நிக்காம கொஞ்சம் ஏறி நிக்கும். கம்பி குட்டையா இருந்தா இன்னும் அதிகம், பேபி கிராண்ட்ல நல்லாவே தெரியும். அதனால நாங்க ஆக்டேவ டியூன் பண்ணும்போது கீழ இருக்குற கம்பியோட அந்த ஏறுன மேல் ஸ்வரத்துக்கு ஒத்துப்போற மாதிரி மேல் கீய கொஞ்சம் ஏத்தி, பேஸ் கீய கொஞ்சம் இறக்கி வைப்போம். இழுத்து விடுறதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. இப்படி வெச்சாதான் தனியா வாசிக்கும்போது பியானோ பளிச்சுன்னு இருக்கும். இந்த பியானோவுல சி-7 கிட்ட 10 செண்ட் ஏறியிருந்துச்சு, கடைசி கீயில இன்னும் அதிகம்.

ஆர்கன் பைப்ல இந்த விவகாரம் கிடையாது. காத்து நிக்காம ஊதிக்கிட்டே இருக்குறதால பைப்போட மேல் ஸ்வரங்க எல்லாம் அடிப்படையோட சரியா ரெண்டு மடங்கு மூணு மடங்குல பூட்டிக்கிட்டு நிக்கும். அதனால ஆர்கன்ல ஆக்டேவ்னா சுத்தமான ஆக்டேவ். 4 அடி பிரின்சிபல், 2 அடி ஃபிஃப்டீந்த்னு மேல் ஆக்டேவ் ஸ்டாப்ப எல்லாம் இழுத்தா அந்த சுத்தமான ஆக்டேவ் அங்கயே நின்னு பேசும், பக்கத்துல நம்ம பியானோ 10 செண்ட் மேல நின்னா அழுகுற மாதிரி கேக்கும்.

அப்ப என்ன பண்ணேன்னா, சி-5ல இருந்து மேல எல்லா ஆக்டேவையும் அடிப்படை ஸ்வரத்துக்கு மட்டும் ஒத்துப்போற மாதிரி குறுக்கி வெச்சேன், சி-7 ஏறுறது 4 செண்டோட நின்னுச்சு. கடைசி ஆக்டேவ் பாட்டுல அதிகம் வராததால அத ரொம்ப கட்டுப்படுத்தல. பேஸ்ல வழக்கமா இறக்கி வைக்கிற அளவுக்கு இறக்கல, பேஸ் கம்பியோட ரெண்டாவது நாலாவது மேல் ஸ்வரம் ஆர்கனோட நடு ஆக்டேவோட சேருதான்னு மட்டும் பாத்து வெச்சேன், ஏன்னா அந்த கீழ் கீயில காது அடிப்படைய விட மேல் ஸ்வரத்ததான் புடிக்கும். இதுக்கு ஒரு விலை உண்டு. பியானோ தனியா வாசிச்சா மேல கொஞ்சம் சப்புன்னு இருக்கும். பியானோ வாசிக்கிற பொண்ணு கிட்ட முன்னாடியே சொன்னேன், அது வாசிச்சு பாத்துட்டு "ஆமாண்ணே, மேல ஒளி கம்மியா இருக்கு, ஆனா ஆர்கனோட போறப்ப நல்லாருக்கு"ன்னுச்சு.

ஆர்கனோட பன்னிரண்டு ஸ்வரமும் சமமா இருக்கான்னும் அளந்தேன். இல்ல. ஓப்பன் டயபேசன்ல எஃப் ஷார்ப் 4 செண்ட் கீழ, ஈ ஃப்ளாட் 5 செண்ட் மேல. பியானோவையும் அப்படியே மாத்தி வைக்கலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு, ஆனா பிரின்சிபல் ஸ்டாப்ப அளந்தா அதுல தப்பு வேற ஸ்வரத்துல இருக்கு. ஒரு ஸ்டாப்போட கோணலுக்கு பியானோவ கோணலாக்குனா அடுத்த ஸ்டாப் இழுத்தா ரெண்டு கோணல் ஆயிடும். பியானோவ சமமாவே விட்டுட்டேன். பாட்டுங்க ஜி, எஃப், டி, பி ஃப்ளாட் சுருதியிலதான், அந்த ஈ ஃப்ளாட் பி ஃப்ளாட் பாட்டுல மட்டும் வந்து நிக்குது, பரவாயில்லன்னு தோணுச்சு.

ஸ்டாப், கீபோர்ட், மத்தது

டீச்சர் கிட்ட மூணு விஷயம் கேட்டுக்கிட்டேன். ஸ்வெல் பெட்டியில (ஷட்டர தொறந்து மூடி சத்தத்த கூட்டிக் குறைக்கிற பைப் பெட்டி) ஓபோ ஸ்டாப் இருக்கு, அது ரீட், நாக்கு அதிருற வகை, சூட்டுக்கு மத்த பைப் மாதிரி ஏறாது, அதனால சூடு ஏற ஏற ஓபோ கீழ தங்கிடும், சேர்ந்து வாசிக்கிற பாட்டுல அத இழுக்க வேண்டாம்னு. செலஸ்ட் ஸ்டாப் அலை அடிக்கணும்னே கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கறது, அதுவும் வேண்டாம். அப்புறம் ஸ்வெல் பெட்டியோட ஷட்டர வாசிக்காத நேரத்துல தொறந்தே வெச்சிருங்க, மூடி வெச்சா உள்ள ஒரு சூடு வெளிய ஒரு சூடுன்னு ரெண்டு மேனுவலே ஒண்ணுக்கொண்ணு சேராம போயிடும். டீச்சர் சிரிச்சுட்டு, "ஓபோ டிசம்பர்ல சேராதுன்னு எனக்கு தெரியும் தம்பி, ஏன்னுதான் இப்ப தெரிஞ்சுச்சு"ன்னாங்க.

கீபோர்ட் கதை சுலபம்தான், ஆனா ஒரு குழப்பம் எல்லா சர்ச்சுலயும் இருக்கு அதனால சொல்றேன். பசங்க ட்ரான்ஸ்போஸ் பட்டன தேடுறாங்க. அது அரை ஸ்வரம் அரை ஸ்வரமா நூறு செண்ட் தாவும். நமக்கு வேணுங்கறது மாஸ்டர் டியூன், ஃபங்ஷன் மெனுக்குள்ள இருக்கும், 440.0-னு காட்டும், அத 445.0-னு வெச்சா முடிஞ்சுது. இன்னொண்ணு, கீபோர்டுல பியானோ சத்தம் வேண்டாம்னு சொன்னேன். உண்மையான பியானோவ ரெக்கார்ட் பண்ணி எடுத்த சத்தத்துல அந்த இழுத்து விட்ட டியூனிங்கும் கூடவே வந்திருக்கும், நான் இங்க குறுக்கி வெச்சதோட அது மேல் ஆக்டேவ்ல சண்டை போடும். ஸ்ட்ரிங்ஸ் இல்ல பேட் சத்தம் வெச்சுக்கோங்கன்னேன். கிட்டார் பசங்க ட்யூனர்ல 445-னு மாத்திக்கிட்டாங்க, வயலின் தம்பி பியானோவ கேட்டு சேர்த்துக்கிட்டான்.

ஆர்கனுக்கு பதிலா ஹார்மோனியமா இருந்திருந்தா இவ்வளவு பாடு இல்ல. பித்தளை நாக்கு சூட்டுக்கு பெருசா அசையாது, ஒரு தடவை அளந்து பியானோவ அங்க கொண்டு போனா போதும், பெல்லோஸ அழுத்தி ஊதுறப்பயும் மெதுவா ஊதுறப்பயும் வர்ற சின்ன வித்தியாசத்த மட்டும் பாத்துக்கணும்.

அன்னிக்கு

ஏத்துனது புதன்கிழமை. சனிக்கிழமை போயி பாத்தா டிரெபிள் 3 செண்ட் இறங்கியிருந்துச்சு, எதிர்பார்த்ததுதான், மூணாவது தடவையா சரி பண்ணேன். கிராண்டுக்கு அடியில மழைக்காலம் முழுக்க எரியுற ஜீரோ வாட் பல்ப் ஒண்ணு கட்டியிருந்தாங்க, நம்மூர்ல ரொம்ப பேர் பண்றதுதான், ஆனா அது சவுண்ட்போர்டுக்கு ஒரு சாண் தூரத்துல ஒரே இடத்த சுட்டுக்கிட்டு இருந்துச்சு. பலகைய விட்டு நல்லா தள்ளி கட்டச் சொன்னேன். ஸ்டேஜ் லைட் ஒண்ணு நேரா பியானோ கம்பி மேல விழுற மாதிரி வெச்சிருந்தாங்க, சர்ச்ச தொறந்து மூடுற அண்ணன் ஏணி போட்டு ஏறி அத திருப்பிவிட்டார்.

ஞாயிறு 6.30-க்கு கேலரியில 27.4 டிகிரி, ஆர்கன் 444.3. முதல் ரெண்டு பாட்டு ஆர்கன் மட்டும். 7.15-க்கு முதல் சேர்ந்த பாட்டு. நான் நடு பெஞ்சுல உக்காந்து தலைய குனிஞ்சு கேட்டேன். பியானோ அடிச்ச முனை மட்டும் தெரிஞ்சுது, அதுக்கு பின்னாடி ஆர்கன் அத ஏந்திக்கிட்டு போச்சு, நடுவுல தையல் தெரியல. கொயர்ல சோப்ரானோ பொண்ணுங்க பாட்டுக்கு மேல தனியா போற டெஸ்கண்ட்ட தயங்காம புடிச்சாங்க, ரிகர்சல்ல அவங்க தடுமாறுன அதே இடம். 7.45-க்கு 29 டிகிரி, கணக்குப்படி ஆர்கன் 445.5, பியானோவுக்கு 2 செண்ட் மேல. தெரியவே இல்ல.

தெரிஞ்ச தப்பு ஒண்ணு உண்டு. மூணாவது சேர்ந்த பாட்டுல ஜி-5 கீயோட மூணு கம்பியில ஒண்ணு நழுவிடுச்சு. அந்த கீ வந்தப்ப எல்லாம் லேசா கணகணன்னு கேட்டுச்சு, பியானோ மட்டும் வாசிக்கிற இன்டர்லூட்ல நல்லாவே. பிரசங்கத்துக்கு எல்லாரும் உக்காந்திருந்தாங்க, எழுந்து போயி லிவர் போட முடியாது. அந்த பொண்ணும் டீச்சரும் எவ்வளவு உழைச்சிருந்தாங்கன்னு தெரிஞ்ச எனக்கு அந்த பத்து நிமிஷம் பெரிய வேதனை. துரு இருந்த கம்பிகள்ல அதுவும் ஒண்ணு. ஏத்துனதுக்கும் கடைசி டியூனிங்குக்கும் நடுவுல மூணு நாள்தான் விட்டேன், பத்து நாளாவது விட்டு, நடுவுல கொயர் ரிகர்சல்ல அத நல்லா அடிச்சு வாசிச்சிருக்கணும், அப்பதான் கம்பி படியும். நவம்பர்லயே ஆர்கன அளந்திருந்தா அந்த பத்து நாள் கையில இருந்திருக்கும்.

சர்வீஸ் முடிஞ்சப்புறம் மறுபடி 440-க்கு இறக்கித் தரட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை 400 கிலோவ ஏத்தி இறக்குனா அந்த பியானோ எந்த சுருதியிலயும் நிக்காது. 445-லயே இருக்கட்டும், கீபோர்டும் 445-லயே செட் பண்ணி வெச்சாச்சு. மே மாசம் கேலரியில 33 டிகிரி வந்தா ஆர்கன் 448-ஐ தாண்டும், அப்ப கல்யாணத்துக்கு ரெண்டுல ஒண்ணு மட்டும் வாசிக்கட்டும்னு டீச்சரே சொல்லிட்டாங்க. பியானோ மூடிக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கேன்: தேதி, ஏ-4 445, கேலரி 28.5 டிகிரி, சி-5க்கு மேல குறுக்கி வெச்சது. அடுத்து யார் லிவரோட வந்தாலும் முதல்ல மேல ஏறி ஆர்கன கேக்கணும்னு அதுக்கு கீழ டீச்சர் தன் கையால எழுதியிருக்காங்க.